மடிக்கணினியில் வேலை செய்யும் கேபிள், ஸ்ட்ரீமிங் பெட்டியில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: வரவேற்பறையில் உள்ள ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சி இருக்கும் அறைக்குச் சுவர் வழியாக ஈதர்நெட் கேபிள் இழுத்திருக்கிறேன். அங்கே, சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை ஸ்விட்ச் (ஒரு கேபிள் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தரும் கருவி) போல வைத்து, அதிலிருந்து தொலைக்காட்சிக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிக்கும் தனித்தனியாகக் கேபிள் கொடுத்திருக்கிறேன். மாலை நேரத்தில் வைஃபையில் படம் அடிக்கடி நின்று வட்டம் சுற்றியதால்தான் இந்த ஏற்பாடு. முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. அலமாரியைச் சுவரோடு நெருக்கி வைத்த பிறகு, பெட்டியில் சில நேரம் ‘ஈதர்நெட் கேபிள் இணைக்கப்படவில்லை’ என்று வந்தது. இரண்டு முறை ஃபேக்டரி ரீசெட் செய்து பார்த்தேன். அதன் பிறகு ‘இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை’ என்பதே பெரும்பாலும் வருகிறது. கேபிளில் இருக்கும்போது, கைப்பேசியிலிருந்து படத்தை அனுப்பலாம் என்றால் பெட்டி பட்டியலில் தெரிவதே இல்லை. வைஃபைக்கு மாற்றினால் தெரிகிறது. அதே கேபிளை மடிக்கணினியில் செருகினால் இணையம் வருகிறது. தொலைக்காட்சியும் நன்றாகவே ஓடுகிறது. பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி முகவரி 192.168.1.103, கேட்வே (இணையத்துக்குப் போகும் வழி) 192.168.1.1 என்று இருக்கிறது, கைப்பேசியில் 192.168.0.21 என்று இருக்கிறது. நன்றாக ஓடிய நாட்களில் அளந்தபோது கேபிளில் வேகம் 94 மெகாபிட், வைஃபையில் 180. பெட்டியின் போர்ட் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால் பெட்டியின் மீது சந்தேகப்படக் காரணம் மிகக் குறைவு. இரண்டு தனித்தனிக் குறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன என்பதே என் கணிப்பு. ஒன்று, அலமாரிக்குப் பின்னால் கேபிளுக்கு நேர்ந்தது. மற்றொன்று, அந்தப் பழைய ரவுட்டர். முதல் குறைக்கு மருந்தாக நினைத்து நீங்கள் செய்த ஃபேக்டரி ரீசெட், இரண்டாவது குறையை வெளியே இழுத்துவிட்டிருக்கிறது.

கடிதத்திலேயே மிகப் பயனுள்ள வரி, நீங்கள் குறித்து அனுப்பிய அந்த இரண்டு முகவரிகள்தான். பெட்டி 192.168.1 என்ற குழுவிலும், கைப்பேசி 192.168.0 என்ற குழுவிலும் இருக்கின்றன. ஒரே வீட்டில், ஒரே ரவுட்டரின் கீழ், எந்தத் தனி ஏற்பாடும் செய்யாத சாதாரண வலையமைப்பில் இப்படி இரண்டு குழுக்கள் இருக்கக் கூடாது. முகவரி வழங்குபவர் ஒருவராக இல்லாமல் இருவராக இருந்தால் மட்டுமே இது நடக்கும். அந்த இரண்டாவது ஆள் உங்கள் பழைய ரவுட்டர்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் உங்கள் கடிதத்தில் உள்ள புதிர்களில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும். எந்தச் சாதனமும் வலையமைப்பில் நுழைந்தவுடன், ‘எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டு ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகியவற்றைச் சேர்த்து வழங்கும் வேலையை ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவை செய்கிறது. வீட்டு ரவுட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இந்தச் சேவை இயங்கும் நிலையிலேயே வரும். நீங்கள் பழைய ரவுட்டரை ஸ்விட்ச் என்று நினைத்து வைத்திருந்தாலும், அது தன்னை இன்னும் ரவுட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டி குரல் கொடுக்கும்போது வரவேற்பறை ரவுட்டரும் பதில் தருகிறது, பக்கத்தில் இருக்கும் பழைய ரவுட்டரும் பதில் தருகிறது. பெரும்பாலான சாதனங்கள் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்ளும். ஒரே தெருவுக்கு இரண்டு அலுவலர்கள் தனித்தனியாகக் கதவு எண் கொடுத்துக்கொண்டே போனால் தபால் என்ன பாடுபடுமோ, அந்த நிலைதான் இங்கேயும். பழைய ரவுட்டர் கொடுத்த முகவரியோடு, ‘இணையத்துக்கு என் வழியாகப் போ’ என்று 192.168.1.1 என்ற கேட்வேயும் சேர்ந்து வருகிறது. ஆனால் அந்த ரவுட்டரின் இணைய வாசலில் எதுவும் செருகப்படவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை கேபிள் இருக்கிறது, முகவரி இருக்கிறது, வழியும் இருக்கிறது. அந்த வழி ஒரு முட்டுச்சந்தில் முடிகிறது. ‘இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை’ என்ற செய்தி அந்த நிலையைத் துல்லியமாகவே சொல்கிறது.

அப்படியானால் முதல் சில வாரங்கள் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். முதல் முறை பெட்டிக்கு வரவேற்பறை ரவுட்டரின் பதில் முந்திக் கிடைத்திருக்க வேண்டும். ஒரு முறை கிடைத்த முகவரிக்கு ஒரு கால வரம்பு உண்டு. அதில் பாதி கழிந்ததும் சாதனம் புதுப்பிக்கக் கேட்கும். புதுப்பிக்கும்போது பொதுவாகக் குரல் கொடுக்காமல், முகவரி கொடுத்த அதே ரவுட்டரிடம் நேராகப் போய்க் கேட்கும். மின்சாரத்தை அணைத்துப் போட்டாலும், பல சாதனங்கள் பழைய முகவரியை நினைவில் வைத்திருந்து அதையே திரும்பக் கேட்கும். ஆகையால் நல்ல தொடக்கம் கிடைத்த ஒரு சாதனம் வாரக்கணக்கில் பிரச்சினையின்றி ஓடும். உங்கள் தொலைக்காட்சி இன்றும் ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஃபேக்டரி ரீசெட் அந்த நினைவை அழித்துவிடுகிறது. பெட்டி புதிதாகக் குரல் கொடுக்கிறது, இந்த முறை பழைய ரவுட்டர் முந்திக்கொள்கிறது. ரீசெட்டுக்குப் பிறகு செய்தி மாறியது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். நெட்வொர்க் குறைக்கு ஃபேக்டரி ரீசெட்டை முதல் வைத்தியமாகச் செய்வதை நான் எப்போதும் ஊக்குவிப்பதில்லை. குறை எங்கே என்று காட்டக்கூடிய தடயங்களை அது துடைத்துவிடும்.

கைப்பேசியில் பெட்டி தெரியாததும் இதன் விளைவே. கைப்பேசியிலிருந்து படத்தை அனுப்பும் வசதி, இரண்டு சாதனங்களும் ஒரே முகவரிக் குழுவில் இருக்கின்றன என்ற எண்ணத்தில்தான் வேலை செய்கிறது. கேபிளால் இணைந்திருந்தாலும் 192.168.0 குழுவில் உள்ள கைப்பேசிக்கு 192.168.1 குழுவில் உள்ள பெட்டி வெளியூர்க்காரர்தான். வைஃபைக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே குழுவில் சேர்வதால் மீண்டும் தெரிகிறது. இந்த ஏற்பாட்டை இப்படியே விட்டால், இன்று நன்றாக ஓடும் தொலைக்காட்சியும், ஏன், கைப்பேசியும்கூட ஒரு நாள் பழைய ரவுட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு இணையம் இல்லாமல் நிற்கக்கூடும்.

மடிக்கணினிச் சோதனைக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘அதே கேபிள் மடிக்கணினியில் வேலை செய்கிறது’ என்ற வாக்கியம் இருக்கும். அதிலிருந்து பெட்டி பழுது என்ற முடிவுக்கு நேராகத் தாவிவிடுகிறார்கள். அந்தச் சோதனை அவ்வளவு எளிதில் யாரையும் குற்றவாளியாக்கவோ விடுவிக்கவோ முடியாது. முதலாவதாக, கேபிளைச் செருகும்போது மடிக்கணினியில் வைஃபை அணைக்கப்பட்டிருந்ததா? அணைக்காவிட்டால் கேபிள் வழியில் இணையம் இல்லை என்று கண்ட கணினி, உங்களிடம் சொல்லாமலேயே வைஃபை வழியாகப் போயிருக்கும். நீங்கள் சோதித்தது வைஃபையைத்தான். இரண்டாவதாக, மடிக்கணினிக்கு வரவேற்பறை ரவுட்டரின் முகவரி கிடைத்திருந்தால், தொலைக்காட்சியைப் போலவே அதுவும் தப்பித்திருக்கும். மூன்றாவதாக, மடிக்கணினியில் செருகுவதற்காகக் கேபிளை அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்திருப்பீர்கள். மடங்கியிருந்த கேபிள் நேராகியிருக்கும். சோதித்த கேபிள் அதுவேதான், ஆனால் சோதித்த நிலை அதுவல்ல.

ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன் என் கணிப்பை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரிலிருந்து வந்து பழைய ரவுட்டரில் செருகியிருக்கும் கேபிளை எடுத்து, பழைய ரவுட்டரை முழுமையாக விலக்கிவிட்டு, நேராகப் பெட்டியில் செருகுங்கள். அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சி இணைப்பின்றி இருக்கும், பரவாயில்லை. பெட்டியின் வைஃபை இணைப்பை நீக்கிவிட்டு, பெட்டியை மின்சாரத்திலிருந்து எடுத்து மீண்டும் போடுங்கள். நெட்வொர்க் பக்கத்தில் முகவரி 192.168.0 என்று தொடங்கி, இணையமும் வந்தால், பழைய ரவுட்டர்தான் காரணம் என்பது நிரூபணமாகிவிடும். இன்னும் ஐயம் இருந்தால் மறுபுறமிருந்தும் பார்க்கலாம். பழைய ரவுட்டரை மற்ற எல்லாக் கேபிள்களிலிருந்தும் பிரித்து, வைஃபை அணைத்த மடிக்கணினியை மட்டும் அதில் இணையுங்கள். மடிக்கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால், அது இன்னும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. நான் பரிந்துரைப்பது, பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் எதுவும் இல்லாத சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வைப்பது. ஸ்விட்ச் யாருக்கும் முகவரி கொடுக்காது. எதையும் மறந்து பழைய நிலைக்குத் திரும்பவும் செய்யாது. ரவுட்டரை ஸ்விட்ச் ஆக்கினால், யாராவது ஒரு நாள் அதன் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்தும் வரைதான் அது ஸ்விட்ச். அழுத்திய கணத்தில் டிஎச்சிபி மீண்டும் விழித்துக்கொள்ளும், இதே கதை மறுபடி தொடங்கும்.

பழைய ரவுட்டரையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், அதன் செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (முகவரி வழங்காமல் இணைப்பை மட்டும் நீட்டித் தரும் நிலை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்தாலே டிஎச்சிபி நின்றுவிடும். எந்த போர்ட்டில் வெளிக் கேபிளைச் செருக வேண்டும் என்பதையும் அந்தப் பக்கமே சொல்லும், ஏனென்றால் அது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறுபடும். அந்த வசதி இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். வரவேற்பறை ரவுட்டரோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டு, மடிக்கணினியைக் கேபிள் வழியாகப் பழைய ரவுட்டரில் மட்டும் இணைத்து, உலாவியில் 192.168.1.1 என்று தட்டி உள்ளே நுழையுங்கள். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.0.2 என்று மாற்றுங்கள்; வரவேற்பறை ரவுட்டர் மற்ற சாதனங்களுக்கு வழங்கும் முகவரி வரம்புக்குள் அந்த எண் வரக் கூடாது என்பதை மட்டும் அந்த ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேமித்தவுடன் இணைப்பு அறுந்து, புதிய முகவரியில் மீண்டும் நுழைய வேண்டியிருக்கும். அதன் பிறகே டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள். இந்த வரிசையை மாற்றி, டிஎச்சிபியை முதலில் நிறுத்தினால், மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் போய், உள்ளே திரும்ப நுழைய மடிக்கணினியில் கையாலேயே முகவரி எழுதிப் போராட வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் சுவர்க் கேபிள், தொலைக்காட்சிக் கேபிள், பெட்டியின் கேபிள் ஆகிய மூன்றையும் ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும் சாதாரண போர்ட்களில் செருகுங்கள். தனித்து, பெரும்பாலும் வேறு நிறத்தில், இன்டர்நெட் என்ற குறிப்போடு இருக்கும் போர்ட் காலியாகவே இருக்கட்டும். அதில் சுவர்க் கேபிளைச் செருகினால் இணையம் வரும்தான், ஆனால் பெட்டி மீண்டும் தனிக் குழுவுக்குப் போய்விடும். கைப்பேசியில் அது தெரியாது. பழைய ரவுட்டரின் வைஃபையையும் தேவை இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். கடைசியாகப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் ஒரு முறை மின்சாரத்திலிருந்து எடுத்துப் போட்டு, இரண்டின் முகவரியும் 192.168.0 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

இனி அலமாரிக்குப் பின்னால் போவோம். ‘ஈதர்நெட் கேபிள் இணைக்கப்படவில்லை’ என்ற செய்திக்கும் முகவரிக்கும் தொடர்பே இல்லை. முகவரி கேட்பதற்கு முன்பே, கேபிளின் இரு முனைகளிலும் உள்ள போர்ட்கள் மின் சமிக்ஞைகள் வழியாக ஒன்றையொன்று உணர வேண்டும். அது நடக்காதபோதுதான் இந்தச் செய்தி வரும். எனவே பழைய ரவுட்டரைத் திருத்திய பிறகும் இந்தச் செய்தி இடையிடையே வந்தால் வியப்படைய வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். பழைய ரவுட்டரின் முன்புறத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சிறிய விளக்கு இருக்கும். பெட்டியை இயக்கி, அதன் கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கைப் பார்த்துக்கொண்டே, பெட்டியின் பின்னால் பிளக்குக்குச் சற்று முன்னால் கேபிளை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்க வேறொருவரிடம் சொல்லுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் குறை அங்கேதான். பிளக்கை வெளியே எடுத்து, அதன் மேல் உள்ள பிளாஸ்டிக் கிளிப்பைப் பாருங்கள். அலமாரியைத் தள்ளும்போது முதலில் பலியாவது அதுதான். கிளிப் உடைந்த பிளக், போர்ட்டுக்குள் நிற்பது போலத் தெரியும். உண்மையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்வாங்கியிருக்கும், உள்ளே இருக்கும் எட்டுத் தொடுமுனைகளில் சில தொடும், சில தொடாது. செருகும்போது ‘டக்’ என்ற ஓசை கேட்கவில்லையென்றால் அந்தக் கேபிளை மாற்றிவிடுவது நல்லது. கிளிப் நன்றாக இருந்தும் விளக்கு அணைகிறது என்றால், பிளக்கின் கழுத்தில் கேபிள் மடங்கி உள்ளே ஒரு இழை முறிந்திருக்கலாம். இவ்வகைக் கேபிளை அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறைவான வளைவில் வளைக்கக் கூடாது என்பது நிறுவுவோர் பின்பற்றும் அளவு. சாதாரணக் கேபிளுக்கு அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் ஆரம் உள்ள வளைவு. பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் பிளக்கின் நீளத்தோடு அந்த வளைவுக்கும் இடம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரு கை அகலம் தேவைப்படும். சுவரோடு ஒட்டிய அலமாரியில் அது கிடைக்காது. அலமாரியை அங்கேயே வைக்க வேண்டுமென்றால், பெட்டியின் பின்புறம் பக்கவாட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுங்கள்.

அசைத்தும் ஒன்றும் புலப்படவில்லையென்றால், தொலைக்காட்சியின் கேபிளையும் பெட்டியின் கேபிளையும் சாதனங்களின் முனையில் மட்டும் இடம் மாற்றிச் செருகி ஓரிரு நாள் விடுங்கள். குறை தொலைக்காட்சிக்கு இடம் பெயர்ந்தால், கேபிளோ, அதன் மறுமுனை செருகியிருக்கும் ரவுட்டர் போர்ட்டோ காரணம். பெட்டியிலேயே தங்கிவிட்டால், அப்போதுதான் முதல் முறையாகப் பெட்டியின் போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பொன்னிறக் கம்பிகள் ஒரே உயரத்தில் சீராக நிற்க வேண்டும். ஒன்று அமுங்கியோ அடுத்ததன் மேல் சாய்ந்தோ இருந்தால் ‘போர்ட் பழுது’ என்று சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நிலையிலும், பெட்டியில் யூஎஸ்பி போர்ட் இருந்து, அதன் தயாரிப்பாளர் ஆதரிக்கும் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் கிடைத்தால், பெட்டியை மாற்றாமலேயே சமாளிக்கலாம்.

சுவர் வழியாகப் போகும் நீண்ட கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவருக்குள் இழுக்கப் பயன்படும் கேபிளின் இழைகள் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியாக இருக்கும். அசையாமல் கிடக்கும் வரை அவை நன்றாக உழைக்கும், அடிக்கடி வளைத்து நிமிர்த்தினால் முறியும். அந்தக் கேபிளின் நுனியில் நேராகப் பிளக் அடித்து ரவுட்டரில் செருகியிருந்தால், அந்த முனையையும் ஒரு நாள் சரிபார்க்க வேண்டிவரும். சுவரில் ஒரு சாக்கெட்டில் அதை முடித்துவிட்டு, அங்கிருந்து மெல்லிய பல இழைகளால் ஆன, ஆயத்தமாகக் கிடைக்கும் குட்டைக் கேபிளைப் பயன்படுத்துவதே முறையான அமைப்பு. புதிதாகப் பிளக் அடிக்க நேர்ந்தால் நிற வரிசையில் கவனம் தேவை. பரவலாகப் பயன்படும் ஒரு வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை இணை (வெள்ளை-பச்சையும் பச்சையும்) மூன்றாவது, ஆறாவது இடங்களில் பிரிந்து நிற்பது பலருக்குப் பிழையாகத் தோன்றுவதால், ‘அழகாக’ இணை இணையாக அடுக்கிவிடுகிறார்கள். இரு முனையிலும் அப்படியே அடுக்கினால் மலிவான கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், கேபிள் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் ஒரு சமிக்ஞையைக் கொண்டு செல்லும் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அடிப்படையே அங்கே உடைந்துவிடுகிறது. வேகம் கூடும்போது இணைப்பு தடுமாறும். உங்கள் கேபிள் தொடக்கத்தில் குறையின்றி ஓடியிருப்பதால் இந்தப் பிழை உங்களிடம் இல்லை. மறுபடி பிளக் அடிப்பவர் அதைப் புதிதாக உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றிய உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். 94 என்பது குறைவான வேகம் அல்ல. நூறு மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு முழு உடல்நலத்தோடு இருக்கிறது என்பதன் அடையாளம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் முகவரித் தலைப்புகளும் இடைவெளியும் சேர்ந்து போவதால், நூறில் ஐந்து அல்லது ஆறு அதற்கே செலவாகி, மீதிதான் அளவியில் தெரியும். ஸ்ட்ரீமிங் பெட்டிகள் பலவற்றிலும் தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றிலும் உள்ள ஈதர்நெட் போர்ட் நூறு மெகாபிட் வகைதான். உங்கள் பழைய ரவுட்டரும் அந்த வகையாக இருக்கலாம். வைஃபையில் 180 வருவதும் உண்மைதான், ஆனால் அது அளந்த அந்த அரை நிமிடத்துக்கான எண். படம் நிற்பதற்குக் காரணம் உச்ச வேகம் குறைவதல்ல. இடையில் சில நொடிகளுக்கு வேகம் அடியோடு விழுவதுதான். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 மெகாபிட். நிலையான 94 அதற்குத் தாராளமாகப் போதும், ஏறி இறங்கும் 180 சில நேரம் போதாமல் போகும். வீட்டிலேயே ஒரு கணினியில் சேமித்து வைத்த, அதிகம் சுருக்கப்படாத மிகப் பெரிய 4கே கோப்புகளைப் பெட்டியில் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே நூறு மெகாபிட் போர்ட் தடையாக இருக்கும், ஏனென்றால் அவற்றின் சில காட்சிகள் அந்த அளவைத் தாண்டிவிடும்.

ஆயிரம் மெகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியில், ஆயிரம் மெகாபிட் ரவுட்டரோடு நேராக இணைத்தும் 94 என்று வந்தால் அது வேறு கதை. நூறு மெகாபிட்டுக்கு எட்டு இழைகளில் நான்கே போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஓர் இழை முறிந்தால் பல சாதனங்கள் சத்தமின்றி நூறுக்கு இறங்கிவிடும். உங்கள் சுவர்க் கேபிளை வைஃபை அணைத்த மடிக்கணினியில் நேராகச் செருகி, இணைப்பு வேகம் ஆயிரமா நூறா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் அதன் நலமும் தெரிந்துவிடும்.

இதே செய்திகளோடு எழுதும் வேறு வாசகர்களின் முகவரிகள் உங்களுடையவை போல இருப்பதில்லை என்பதால் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். முகவரி 169.254 என்று தொடங்கினால், சாதனம் கேட்டும் யாரும் முகவரி தராததால் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் அரைகுறையாகத் தொடும்போதும், ரவுட்டர் திணறி நிற்கும்போதும் இது வரும். முகவரியும் கேட்வேயும் சரியாக இருந்தும் இணையம் இல்லை என்றால், ரவுட்டரில் குறிப்பிட்ட சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் பட்டியலோ, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடோ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே பெட்டிக்கு வைஃபைக்கு ஒரு மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்), ஈதர்நெட்டுக்கு வேறொரு மேக் முகவரி இருக்கும். வைஃபையை அனுமதித்த பட்டியலுக்குக் கேபிள் வழியில் வரும் அதே பெட்டி அந்நியராகவே தெரியும். பெட்டியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், செயலிகள் இணையம் இல்லை என்றே சொல்லும். பெட்டிக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் செருகும் ஸ்டிக் வைத்திருந்து, அதில் ஈதர்நெட் அடாப்டர் பயன்படுத்துபவர்கள், மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுக்காமல் ஸ்டிக்குடன் வந்த சார்ஜரிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய யூஎஸ்பி போர்ட்கள் பொதுவாக அரை ஆம்பியர்தான் தருகின்றன. ஸ்டிக்கும் அடாப்டரும் அதைப் பங்கிடும்போது, படம் தொடங்கி வேலை கூடியதும் அடாப்டர் மயங்கிவிடும்.

மாலை நேரத் தடங்கல் ஒன்றுதான் மீதி. மேலே சொன்ன இரண்டையும் சரிசெய்த பிறகு, பெட்டியைக் கேபிளிலேயே சில மாலைகள் ஓட்டிப் பாருங்கள். படம் நிற்காமல் ஓடினால், தடங்கல் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலிலிருந்து வந்தது. நீங்கள் கேபிள் இழுத்தது சரியான முடிவு. கேபிளிலும் மாலையில் மட்டும் நின்றால், அந்த நேரத்தில் மடிக்கணினியின் வைஃபையை அணைத்து, வரவேற்பறை ரவுட்டரிலேயே கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து, பகலில் அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அங்கேயே வேகம் விழுந்திருந்தால் குறை உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. நேரத்தோடு குறித்த அந்த எண்களை இணையச் சேவை நிறுவனத்திடம் காட்டி, அவர்கள் பக்கத்தில் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்; புதிய பெட்டியோ வேறு கேபிளோ அந்தக் குறைக்கு உதவாது.